தவற மறுத்த துப்பாக்கி

மாமனாரின் பழைய துப்பாக்கி, தவறவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது.

"அப்பாவோடது, ஒரு சட்டைப் பொத்தான்" என்றாள் மனைவி, இலக்கு அட்டையின்மேல் அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு. அடுத்த அட்டையில் நாடா இன்னும் கொஞ்சம் நீண்டது. "உங்களோடது, ஒரு சட்டைப் பை."

"பையா? எந்தப் பை?" என்று பல் மருத்துவர் பதறினார்.

"கைக்குட்டை, பேனா, மூக்குக் கண்ணாடி எல்லாத்தையும் போட்டு வைக்கிற பை."

மனைவி தையற்கடை நடத்துபவள். அவள் வாயிலிருந்து ஓர் அளவு வந்துவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

பல் மருத்துவர் இரண்டு அட்டைகளையும் பிடுங்கிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றின் முதுகில் 'பழசு' என்றும், மற்றொன்றின் முதுகில் 'புதுசு' என்றும், இலக்கு அட்டைகளை மாட்டி எடுத்துவரும் அட்டைக்காரர் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார். 'பழசு' அட்டையின் நடுக் கறுப்பில் ஐந்து துளைகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. 'புதுசு' அட்டையிலோ, பாகப்பிரிவினை முடிந்த சகோதரர்களைப்போல ஐந்தும் ஐந்து பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

"என்ன மாப்பிள்ளை, புதுசுக் குழல்ல எலி கிலி குடியிருக்கா?" என்று கேட்டார் மாமனார்.

தீயணைப்புத் துறையில் பணியாற்றி, சைரனோடு போட்டியிட்டுப் பேசியே பழகிய தொண்டை அது. அவர் காதோடு சொல்லும் இரகசியம் அடுத்த தெருவில் இருப்பவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பும். இப்போது அந்தக் கேள்வி, துப்பாக்கிச் சங்கத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்து, பல் மருத்துவரின் காதில் இரண்டாம் முறையும் விழுந்தது.

இந்த அவமானத்துக்கு அவரே நாள் குறித்து, அவரே எல்லாரையும் அழைத்து வந்திருந்தார் என்பதுதான் கொடுமை.

திருமணத்தின்போது மாமனார் தம் துப்பாக்கியை மருமகனுக்குப் பரிசாகக் கொடுத்தார். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளிச் சுட வேண்டிய வகை; அடிவிளிம்பில் தட்டினால் வெடிக்கும் சின்னஞ்சிறு தோட்டா. ரிம்ஃபயர் என்பார்கள். காகிதத்தைத் தவிர வேறெதையும் துளைத்தறியாத சாதுவான துப்பாக்கி. அதனோடு பல் மருத்துவர் ஒழுங்காகத்தான் குடித்தனம் நடத்தி வந்தார். திடீரென்று, சென்ற ஆண்டு, ஒரு துப்பாக்கிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் புதியது ஒன்றைப் பார்த்துத் தொலைத்தார்.

அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. குழலின் உட்புற வரிகள் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன, விசையை எவ்வளவு மென்மையாகத் தொட்டால் போதும், பிடிக்கட்டையில் குழல் எங்கே ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டவே கூடாது என்று பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினார். வீட்டில் கேட்பார் இல்லாததால் மருத்துவமனையில் பேசினார். வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகளால் மறுத்துப் பேச முடியாதல்லவா? வேர்ச் சிகிச்சைக்கு வந்த ஒரு வங்கி மேலாளர் துப்பாக்கிக் குழலைப்பற்றி முழு விரிவுரையையும் கேட்டுவிட்டு, அடுத்த பல்லை வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோய்விட்டார்.

கடைசியில், கடைக்காரர் இரக்கப்பட்டு, "ஒரு வாரம் சுட்டுப் பாருங்க. பிடிச்சா வச்சுக்குங்க, இல்லேன்னா திருப்பிக் கொடுங்க" என்று புதியதைக் கொடுத்தனுப்பினார். அந்த ஒரு வாரம் நாளையோடு முடிகிறது.

மனைவி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு துப்பாக்கி போதும். ரெண்டையும் சுட்டுப் பாருங்க. எது நல்லாச் சுடுதோ அது இருக்கட்டும், மத்தது கிளம்பட்டும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஏனென்றால், அந்த வீட்டில் துப்பாக்கிகள் இரும்பு அலமாரியில் இருக்கும். அவற்றின் போல்ட்டுகள் மட்டும் அவளுடைய கைப்பையில், நூற்கண்டுகளுக்கும் ஊசிப் பெட்டிக்கும் நடுவே இருக்கும். பாதுகாப்புக்காக அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு. போல்ட் இல்லாத துப்பாக்கி ஊன்றுகோலுக்குச் சமம்.

ஆகவே போட்டி. அதுவும் மாமனார் முன்னிலையில். புதியது வென்றால் பல் மருத்துவருக்கு வாழ்வு. பழையது வென்றால் அந்த மென்மையான விசையை இனிக் கனவில்தான் தொட முடியும்.

ஏற்பாடுகளில் குறையே இல்லை. அடுத்தடுத்து இரண்டு மேசைகள். இடப்பக்க மேசையில் மணல்மூட்டையின்மேல் பழையது, வலப்பக்க மேசையில் மணல்மூட்டையின்மேல் புதியது. மேசையில் வைத்த துப்பாக்கியை இன்னொரு மேசைக்குத் தூக்கிச் செல்லக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆட்கள் வேண்டுமானால் இடம் மாறிக்கொள்ளலாம். இலக்குச் சட்டங்களின் எண் பலகைகள் சாயம் பூசக் கழற்றப்பட்டிருந்ததால், மனைவி காலையிலேயே அட்டைக்காரரைக் கூப்பிட்டு, "இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு. அப்படியே எழுதிக் கொண்டாங்க" என்று சொல்லியிருந்தாள். சுடும்போது அவர் கோடியில் உள்ள காங்கிரீட் அறைக்குள் இருப்பார். சிவப்புக் கொடி ஏறியதும் வெளியே வந்து, சட்டங்களின் பின்பக்கமாகப் போய் அட்டைகளை உருவி எடுத்து வருவார். அதுவரை யார் எங்கே துளைத்தார் என்று மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகச் சங்கம் ஒரு தொலைநோக்கியை வாங்கியிருக்கிறது. அதைப் பொருளாளர் பறவை பார்க்க எடுத்துக்கொண்டு போய், இரண்டு பருவங்கள் கடந்துவிட்டன. பறவைகள் எல்லாம் வந்து திரும்பிவிட்டன. தொலைநோக்கி மட்டும் திரும்பவில்லை. பொதுச்சொத்து என்றால் சிலருக்கு அப்படி ஓர் இளக்காரம்!

"ஒரு ரவுண்டை வச்சு முடிவு பண்ண முடியாது" என்றார் பல் மருத்துவர். "புதுசு இன்னும் சூடேறலை."

"நல்லா ஏத்துங்க மாப்பிள்ளை. நான் இவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு வரேன். பாவம், அங்கேயும் இங்கேயும் நடக்கிறார்" என்று சொல்லி, அட்டைக்காரரின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார் மாமனார்.

பல் மருத்துவருக்கு வேண்டியதும் அதுதான்.

சங்கத்து அலமாரியின் அடித்தட்டில் ஒரு தகர டப்பா உண்டு. சென்ற மழையில் கூரை ஒழுகியபோது நனைந்து, நிறம் மங்கி, யாரும் சீந்தாமல் கிடக்கும் தோட்டாக்கள் அதில் இருந்தன. அதைக் கொண்டுவந்து பழையதன் பக்கத்தில் வைத்தார். புதியதற்கு, போட்டிக்கென்றே செய்த தோட்டாக்கள் நிறைந்த பெட்டியைப் பிரித்தார். அவை மருத்துவமனைக் குழந்தைகளைப்போல ஒவ்வொன்றும் தனித்தனித் தொட்டிலில் படுத்திருந்தன.

"ஏங்க, அதென்ன அதுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு?" மனைவி நிமிர்ந்தாள்.

"இந்த ரிம்ஃபயர் துப்பாக்கி எல்லாமே வாய் ருசி பார்க்கும்மா. ஒண்ணுக்குப் பிடிச்ச தோட்டா இன்னொண்ணுக்குப் பிடிக்காது. எதுக்கு எது ஒத்துக்குமோ அதைத்தான் கொடுக்கணும்."

இது உண்மை. உண்மையை இவ்வளவு நேர்மையற்ற காரணத்துக்காக ஒருவர் சொல்லிக் கேட்பது அரிது.

மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தம் துப்பாக்கியின் அருகே கிடந்த தகர டப்பாவைப் பார்த்தார். மருமகனின் மேசைமேல் இருந்த பளபளக்கும் பெட்டியையும் பார்த்தார். சண்டை மூளும் என்று பல் மருத்துவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க மாப்பிள்ளை. புதுசுக்கு நல்ல தோட்டாவே போடுங்க. குழந்தை, வளரட்டும்" என்றார் மாமனார், தேன் வழிய.

சுட்டார்கள். கொடி ஏறியது. அட்டைக்காரர் பிஸ்கட்டை மென்றுகொண்டே வந்து, அட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

"பழசு, பொத்தான் துளை" என்றாள் மனைவி.

"பொத்தானா?"

"பொத்தான் இல்லைங்க, பொத்தான் நுழையற துளை. இன்னும் சின்னதாயிருச்சு. புதுசு, சட்டைக் காலர்."

பல் மருத்துவரின் முகம், மயக்க ஊசி போட்டதுபோல ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. நனைந்து மங்கிய தோட்டாவைத் தின்ற பழையது முன்னேறிவிட்டது; விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட புதியது பின்னேறிவிட்டது. இது எந்த ஊர் நியாயம்?

"பழசுக்கு நாக்கு செத்துப் போச்சு மாப்பிள்ளை. எதைப் போட்டாலும் சாப்பிடும்" என்றார் மாமனார்.

இனி நாகரிகம் பார்த்தால் ஆகாது என்று பல் மருத்துவர் முடிவு செய்தார். குழலையும் பிடிக்கட்டையையும் சேர்த்துப் பிடிப்பவை அடியிலுள்ள இரண்டு திருகாணிகள். அவை தளர்ந்தால், உலகத்திலேயே உயர்ந்த துப்பாக்கியும் ஆடும் பல்லைப்போலத்தான். ஆடும் பல்லைப்பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பைக்குள் கைவிட்டார், செயற்கைப் பல்லை எலும்பில் பொருத்தும் குட்டித் திருப்புளி ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

மாமனார் அந்தப் பக்கம் சங்கச் செயலாளரிடம், ஒரு காலத்தில் மாடியில் மாட்டிக்கொண்ட பியானோவையும் அதை விட்டு இறங்க மறுத்த பெண்மணியையும் தாம் காப்பாற்றிய கதையை முழங்கிக்கொண்டிருந்தார். பல் மருத்துவர் துணியால் துடைப்பதுபோலக் குனிந்து, பழையதன் வயிற்றில் இரண்டு திருகு திருகினார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"மாமா துப்பாக்கியாச்சே, தூசி தட்டறேன்."

"வீட்டுல ஒரு நாளாவது தட்டியிருக்கீங்களா?"

"அதனாலதான் தூசி."

பியானோவை இறக்கி வைத்துவிட்டு மாமனார் வந்து, பழையதன்முன் அமர்ந்தார். கட்டை கையில் லேசாகக் கடகடத்தது. பல் மருத்துவரின் இதயமும் அவ்வாறே. மாமனார் கட்டையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். மருமகனை ஒருமுறை பார்த்தார். கட்டையில் கன்னத்தை வைத்துச் சுட்டார்.

அட்டைகள் வந்தன.

"பழசு, ஊசிக் காது" என்றாள் மனைவி. நாடாவை மறுபடியும் வைத்துப் பார்த்தாள். "அப்பா! நிஜமாவே ஊசிக் காதுப்பா! புதுசு..." கழுத்திலிருந்த நாடாவை முழுவதும் இறக்கினாள். "தலையணை உறை."

"இருக்கவே முடியாது!" என்று பல் மருத்துவர் அலறினார். "அது எப்படி, அந்தத் திருகாணி..."

"எந்தத் திருகாணி?"

"இந்த... வாழ்க்கைங்கிற திருகாணி" என்றார் பல் மருத்துவர். வேறென்ன சொல்வார்?

ஒருவேளை பழையதன் திருகாணிகள் இவ்வளவு காலமும் அதிகமாக முறுக்கப்பட்டிருந்து, தாம் தளர்த்தியதால் அதற்கு மூச்சு வந்துவிட்டதோ? எதிரிக்கு மருத்துவம் பார்த்துவிட்டோமோ? அப்படியானால், தம் செல்லத்துக்கும் மருத்துவம் பார்ப்பதுதான் முறை. புதியதன் போல்ட்டை உருவி மனைவியிடம் கொடுத்துவிட்டு, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் குழலின் பின்வாயில் நுழைத்தார்.

"கொஞ்சம் அகலமா..." என்று பழக்கத்தில் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"சொத்தை ஏதாவது இருக்கா?" என்றாள் மனைவி.

"சிரிக்காதே. கடையிலேருந்து வந்தப்போ பூசின எண்ணெய், ஓரத்துல அப்படியே இருக்கு. அதுதான் சிதறுது."

பஞ்சைச் சுற்றித் துடைத்தார், தூரிகை விட்டுத் துடைத்தார், மறுபடியும் பஞ்சு. நோயாளிக்கு அவர் ஒருநாளும் காட்டாத கனிவோடு, கறையே படியாத வெள்ளைப் பஞ்சு வரும்வரை துடைத்தார். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் மாப்பிள்ளை. ஆங், அங்கேதான். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கணும்."

"பாருங்க மாமா, எவ்வளவு நேர்த்தியான வேலைப்பாடு."

"பார்த்துட்டுத்தானே இருக்கேன். விசையும் மெத்துன்னு இருக்குமோ?"

"வெண்ணெய் மாமா, வெண்ணெய்."

"ஹூம்!" என்று மாமனார் பெருமூச்சு விட்டார். "இருந்து என்ன? சுடத் தெரியலையே."

இந்த இரக்கம் பல் மருத்துவரின் நெஞ்சில் தைத்தது. அத்துடன் அவர் தலையில் ஒரு பொறியும் தட்டியது. துப்பாக்கியில் குறையில்லை, தோட்டாவில் குறையில்லை, எஞ்சியிருப்பது ஆள். மாமனார் பழைய கை. அவர் எதைத் தொட்டாலும் அது சுடும். ஆகவே ஆளை மாற்றினால்? மாமனார் புதியதைச் சுடட்டும். பழையதைத் தாமே சுடலாம். அதாவது, எவ்வளவு கேவலமாகச் சுட முடியுமோ அவ்வளவு கேவலமாக!

"இடம் மாத்திக்கலாம் மாமா. அப்போதான் நியாயம்."

"உங்க நியாயம் எனக்குப் பிடிச்சிருக்கு மாப்பிள்ளை" என்று மாமனார் ஒரே தாவலில் எழுந்து, வலப்பக்க மேசைக்குப் போய்விட்டார். அந்த வயதில் அந்தத் தாவல் வியப்புக்குரியது.

பழையதன்முன் அமர்ந்த பல் மருத்துவர், தம் வாழ்நாளில் கற்ற அனைத்தையும் மறந்தார். மூச்சை அடக்க வேண்டிய இடத்தில் இருமினார். விசையை மெல்ல அழுத்தாமல், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல வெடுக்கென்று இழுத்தார். இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். மணல்மூட்டைமேல் படுத்திருந்த துப்பாக்கி அட்டைப் பக்கமாக நோக்கிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர, அந்த ஐந்து குண்டுகளுக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஒரு குண்டு புறப்படும்போது தும்மல்கூட வந்தது.

"டாக்டர் கண்ணை மூடிட்டுச் சுடறாரு!" என்றார் பின்னால் வந்து நின்ற சங்கச் செயலாளர்.

பக்கத்து மேசையில் மாமனார், தொட்டிலை ஆட்டுவதுபோல, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை நிதானமாக இழுத்து, நிதானமாகத் தள்ளி, கண்கள் சொருகச் சுட்டுக்கொண்டிருந்தார்.

அட்டைகள் வந்தன. மனைவி பார்த்தாள். நாடாவை எடுக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பழசு, ஒரே ஓட்டைங்க."

"எங்கே, மேசையிலயா?" என்றார் பல் மருத்துவர் நம்பிக்கையோடு.

"நட்ட நடுவுல. அஞ்சும் ஒரே ஓட்டை வழியாப் போயிருக்கு. இதுக்கு எங்க கடைல அளவே கிடையாது."

"புதுசு?"

"புதுசு, போர்வை. அட்டையில மூணுதான் இருக்கு; மத்த ரெண்டும் எங்கே போச்சோ, அதைப் பெத்தவங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கே அடங்கலை மாப்பிள்ளை" என்று மாமனார் கையை விரித்தார். "முரட்டுக் குழந்தை."

செயலாளர் அட்டையை வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். அந்த ஒற்றைத் துளை வழியாக ஒரு கதிர் இறங்கி, அவர் மூக்கின்மேல் உட்கார்ந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர்! இவ்வளவு நாளா இந்தத் திறமையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க? கண்ணை மூடிட்டு! தும்மிக்கிட்டே! அடுத்த வாரம் பக்கத்துச் சங்கத்தோட போட்டி. நம்ம அணிக்கு நீங்கதான் தலைவர். இந்தத் துப்பாக்கியோடதான் வரணும், இதே மாதிரி கண்ணை மூடிட்டுத்தான் சுடணும். அவனுங்க மிரண்டு ஓடணும்!"

"ஐயோ, அது தற்செயலா..."

"அடக்கம்! என்ன அடக்கம்!" என்று செயலாளர் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டு, தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்களிடம் செய்தியைச் சொல்ல ஓடினார்.

பல் மருத்துவருக்குத் தலை சுற்றியது. தம்மையே சற்று மரியாதையோடு பார்க்கவும் தோன்றியது. உண்மையிலேயே தமக்குள் அப்படி ஒரு கலைஞன் உறங்கிக்கொண்டிருந்து, கண்ணை மூடியதும் விழித்துக்கொண்டானோ? ஆனால் அந்த மயக்கத்திலும் அவர் மனத்தின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டேயிருந்தது. பழையதற்குக் கெடுதல் செய்தால் அது நன்றாகச் சுடுகிறது. புதியதற்கு நல்லது செய்தால் அது கெட்டுப்போகிறது. அப்படியானால்...

அவர் கண்கள் மின்னின. பழையதற்கு நல்லது செய்ய வேண்டும்! புதியதற்குக் கெடுதல் செய்ய வேண்டும்!

அறிவுக்கு ஒத்துவராத யோசனைதான். ஆனால் அன்று காலையிலிருந்து அறிவுக்கு ஒத்துவந்தது எது? திருப்புளியை ஒரு கையிலும், உயர்ந்த தோட்டாப் பெட்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, பழையதன் மேசையை நோக்கிப் பாய்ந்தார்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு! மாமாவோட துப்பாக்கிக்குத் திருகாணியெல்லாம் நல்லா முறுக்கி, நல்ல தோட்டாவைப் போடறேன். புதுசுக்கு அந்தத் தகர டப்பா போதும்!"

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி கீழே விழுந்தது.

"போதும்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில், கொடிக்கம்பத்தில் இருந்த காக்கை பறந்தது. "வெயில் ஏறுது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கண்ணு சொருகுது. போட்டி முடிஞ்சது. நீ தீர்ப்பைச் சொல்லும்மா."

"ஒரே ஒரு ரவுண்டு மாமா!"

"ஏங்க, தோத்தவங்க எல்லாரும் கேக்கறதுதான் இது" என்றாள் மனைவி. இரண்டு போல்ட்டுகளையும் உருவிக் கைப்பையில் போட்டாள். "எத்தனை ரவுண்டு பார்த்தாச்சு? ஒண்ணுலயாவது புதுசு ஜெயிச்சுதா? பழசு வீட்டுல இருக்கட்டும். புதுசு நாளைக்கே கடைக்குப் போகட்டும்."

பல் மருத்துவர் புதியதன் பக்கத்தில் போய் நின்றார். அதன் கட்டையைத் தடவினார். பழக்கத்தில், இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தார்.

"கடைக்கா?" என்று மாமனார் குரலைத் தாழ்த்தினார். வாயிற்காவலாளிக்கு மட்டுமே கேட்கும் அளவுக்குத் தாழ்த்தினார். "வேண்டாம்மா. ஒரு வாரம் ஆசை ஆசையா வச்சிருந்த துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனா, கடைக்காரன் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பான். நம்ம வீட்டு மாப்பிள்ளை தலைகுனியலாமா? எனக்கும் உரிமம் இருக்கு, கடைக்காரனோட நான் பேசிக்கறேன். இந்தக் கழிசடை என் வீட்டு மூலைல கிடக்கட்டும்."

"அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா இந்தத் தண்டம்?"

"மாப்பிள்ளைக்காக இது கூடச் செய்யலேன்னா நான் என்னம்மா மாமனார்?"

பல் மருத்துவர் உருகிப்போனார். இந்த மனிதரின் துப்பாக்கிக்கா நனைந்த தோட்டாவைப் போட்டோம்? இவர் முதுகுக்குப் பின்னாலா திருகாணியைத் தளர்த்தினோம்? ஓடிப்போய் மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

"நினைச்சா என்ன மாப்பிள்ளை? நான் உங்களை எப்பவுமே நல்லபடியாத்தானே நினைச்சிருக்கேன்."

புதியதை அதன் பெட்டிக்குள் படுக்க வைத்தது பல் மருத்துவரே. மென்துணி போர்த்தியதும் அவரே. மீதமிருந்த உயர்ந்த தோட்டாக்களையும், "இனிமே எனக்கெதுக்கு?" என்று மாமனாரின் கையில் வைத்தார். துடைக்கும் தூரிகையையும், பஞ்சையும், அந்தக் குட்டிக் கண்ணாடியையும்கூடக் கொடுத்துவிட்டார். மனைவி புதியதன் போல்ட்டைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தையிடம் தந்தாள். மாமனார் எல்லாவற்றையும் காரில் ஏற்றி, அட்டைக்காரரைப் பார்த்து அன்போடு கையசைத்துவிட்டு, ஒரு காலத்தில் தீயை நோக்கிப் போன வேகத்தில் வீட்டை நோக்கிப் போனார்.

மனைவி தங்கள் காருக்குள் போய் அமர்ந்து ஹாரனை அழுத்தினாள். பல் மருத்துவர் கடகடக்கும் பழைய துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். அடுத்த வாரப் போட்டியை நினைத்து ஒருமுறை கண்ணை மூடிப் பார்த்தார். மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அட்டைக்காரரைப் பார்த்ததும், மனத்தில் இருந்ததைக் கொட்டிவிடத் தோன்றியது.

"ஏன்யா, நீயாவது சொல்லு. அவ்வளவு அருமையான துப்பாக்கி, என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். கடைசிவரைக்கும் ஏன் அப்படிச் சிதறிச்சு?"

அட்டைக்காரர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது சிதறவே இல்லையே டாக்டர்! நான் அட்டைக்குப் பின்னால நின்னு உங்களைப் பார்த்துக்கிட்டு எழுதறதால என் இடது கை உங்களுக்கு வலது கையாயிருச்சு, புதுசு சுட்டதையெல்லாம் பழசுன்னு எழுதிட்டேன்னு முதல் ரவுண்டு டீ குடிக்கிறப்பவே பெரிய ஐயாகிட்டச் சொன்னேனே. அவர்தான், 'மாத்திடாதே, கடைசிவரைக்கும் அப்படியே எழுது, மாப்பிள்ளை மனசு நோகும்'னாரு!"